வம்பு பிடிக்காதவளுக்கு வராத செய்தி

இன்று காலை அரியலூர் பஸ்ஸில் மல்லிகாவைப் பார்த்தேன். ஒரே ஆபீஸ், பதினைந்து வருடப் பழக்கம். இரண்டு வாரமாக லீவில் இருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க போயிருந்த?" என்றேன்.

"திருச்சி ஆஸ்பத்திரியில கெடந்தோம். எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன். ஆபீசே வந்து பாத்துட்டுப் போச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையே மல்லிகா."

"ஒடம்பு சரியில்லைன்னா பத்திரிகை வச்சா கூப்புடுவாங்க? கேள்விப்பட்டு வரணும்ங்க."

இதுவரை என்னை 'வாடி, போடி' என்றுதான் பேசியிருக்கிறாள். அந்த 'ங்க' இன்றுதான் முதல் தடவை. அரியலூரில் இறங்கி எனக்கு முன்னால் ஆபீசுக்கு நடந்துவிட்டாள்.

ஆபீசில் சாந்தியிடம், "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நாங்க பேச ஆரம்பிச்சாலே டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு உங்க சீட்டுக்குப் போயிடுவீங்களே மேடம். உங்களுக்குத்தான் வம்பு புடிக்காதே."

உண்மைதான். மல்லிகாவின் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த செய்தியும் அந்த வம்புக்கு நடுவில்தான் வந்திருக்கிறது. நான் என் சீட்டில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

சாயங்காலம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பெரம்பலூரில் அவள் வீட்டுக்குப் போனேன். அவர் தேறியிருக்கிறார். நேராக அடுப்படிக்கே போய்ப் பழகிய வீட்டில், "உக்காருங்க" என்று நாற்காலி போட்டு, தட்டில் வைத்துக் காப்பி கொடுத்தாள்.

வம்பு பேசாத நண்பர்களே, யாருக்கு உடம்பு முடியவில்லை என்று உங்களுக்கெல்லாம் யார் வந்து சொல்கிறார்கள்? கீழே எழுதுங்கள். யாரைப் பற்றியாவது ஏதாவது தெரிந்தாலும் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.