விஞ்ஞான தினத்துக்கு நான் ஆள் கூப்பிட்ட கதை

அறிவித்தல்காரன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் சனம் தானாக வாசலுக்கு வந்துவிடும். வந்த சனத்தை அங்கிருந்து கிளப்பி இன்னோர் இடத்தில் கொண்டுபோய் இருத்துவதுதான் பெரிய பாடு.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓட்டோக் கூரையில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு திருகோணமலையைச் சுற்றத் தொடங்கி நரைத்தும் விட்டேன். செத்தவீடு, கோயில் திருவிழா, சீலைக் கடை மலிவு விற்பனை, காணாமல் போன மாடு எல்லாம் அறிவித்திருக்கிறேன். போன வருடம் விஞ்ஞானத்தையும் அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு வெறுங்கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் கிட்ட வாருங்கள். என்னுடைய நோவு உங்களுக்குத்தான் விளங்கும்.

தலையும் வாலும்

தர்ஷினி மிஸ் கல்விக் கந்தோரில் விஞ்ஞானத்துக்குப் பொறுப்பானவர். தேசிய விஞ்ஞான தினத்துக்கென்று எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெரிய தொலைநோக்கி வந்திருந்தது. அதற்கு முதல் வருடம் மண்டபத்தில் இருந்ததெல்லாம் பேச்சாளர்களும் அவர்களைக் கொண்டுவந்த சாரதிகளும்தான். இந்த முறையும் அப்படியென்றால் கொண்டாட்டமும் தொலைநோக்கியும் வேறு மாவட்டத்துக்கு என்று கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார்களாம். "முன்னூறு கதிரை போடுறம் அண்ணை. சனம் வந்தா அது எங்கட பிள்ளையளுக்கு. வராட்டி லொறியில ஏத்திக்கொண்டு போயிடுவினம்" என்றார் மிஸ்.

அறிவித்தலையும் மிஸ்தான் எழுதித் தந்தார். "பொதுமக்கள் மத்தியில் விஞ்ஞான விழிப்புணர்வை மேம்படுத்தும் உயரிய நோக்கோடு" என்று மீன் சந்தையடியில் தொடங்கினேன். "துறைமுகத்தடி மண்டபத்தில் சனிக்கிழமை நான்கு மணிக்கு நடைபெறும்" என்று முடிக்கும்போது பஸ் நிலையத்தையே தாண்டிவிட்டேன். நடுவில் ஒரு பெருமூச்சு வேறு. திரும்பி வரும்போது பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கத்தியைத் தூக்கி மறித்தார்: "அண்ணை, தலை இஞ்ச விழுந்தது. வால் எங்க விழுந்தது?"

ஆருட மௌத்து?

பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். நான் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்க்க முதலே கேற்றுகள் திறந்தன. தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தவர் இடியப்பம் அவித்து விற்கும் பரீதா. "ஆருட மௌத்து அண்ணன்?" என்று கேட்டார். "ஒருத்தரும் சாகேல்லை தங்கச்சி, இது விஞ்ஞான தினம்" என்றேன். பின்னால் நின்ற பெண்கள் அப்படியே உள்ளே போய்விட்டார்கள்.

பரீதா மட்டும் நின்று முழுவதையும் கேட்டார். எனக்குப் பெரிய சந்தோசம். ஒருத்தியாவது வரப்போகிறாள் என்று நினைத்து, "எப்படித் தங்கச்சி?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல செய்திய ஏன் அண்ணன் மௌத்தான ஆளுட மையத்துக்குப் பக்கத்தில நிண்டு சொல்ற மாதிரிச் சொல்றீங்க?"

தெரியாத சாமான்

குச்சவெளிக் கரையில் இராசலிங்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலில் கிடந்தே கறுத்த மனிதன், ஆனால் வாய் மட்டும் நல்ல கூர். "போனா என்ன குடுப்பினம்?" என்று கேட்டார். "அறிவு குடுப்பினம்" என்றேன். "கொண்டுவரப் பை தேவையோ?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் காகங்கள் எழும்பிப் பறந்தன.

சிரிப்பு அடங்கியதும் அவர் ஊசியைக் கீழே வைத்தார். "சரி, விஞ்ஞானக்காரரே, இருட்டில வலை இழுக்கேக்க தண்ணி பச்சையா மின்னுது. சின்ன வயசில இருந்து பாக்கிறன். ஏன் மின்னுது?" மண்டபத்துக்கு வந்தால் சொல்லுவார்கள் என்றேன். உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய் சொல்ல ஏலாது, ஸ்பீக்கர் வேறு போட்டபடி கிடந்தது. இராசலிங்கம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், என்ன சாமான் விக்கிறார் எண்டு தெரியாமலே கூவிக்கொண்டு திரியிறார்."

பதரும் பொஞ்சாதியும்

நடந்ததை மிஸ்ஸிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், "அவர் என்ன கேட்டவர்? திருப்பிச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். தான் எழுதிய அறிவித்தலை இரண்டாகக் கிழித்துப் போட்டார். "இனி நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை. போய்க் கேளுங்கோ. சனத்தின்ர கேள்வியளைக் கொண்டாங்கோ. பதிலை மண்டபத்தில வைப்பம்."

நாற்பது வருடமாகச் சொல்லித் திரிந்தவனுக்குக் கேட்டுத் திரிவது புதுசு. ஆனால் வாயைத் திறந்தவுடன் கொட்டினார்கள். பரீதா கேட்டது, வெங்காயம் வெட்டுகிறவள் அழுகிறாள், சாப்பிடுகிறவர் ஏன் அழுவதில்லை என்று. கிளிவெட்டியில் கிராம அலுவலரான விதானையார் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வயலில் இருந்து வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், மண்வெட்டியை ஓட்டோவில் சாய்த்துவிட்டு இரகசியம் போலக் கேட்டார்: "ஒரே விதை, ஒரே பசளை, ஒரே தண்ணி. வரம்புக்கு அங்கால தம்பியின்ர வயலில மணி, இங்கால என்ர வயலில பதர். இதுக்கு விஞ்ஞானம் காரணமோ, தம்பியின்ர பொஞ்சாதி காரணமோ?"

இராசலிங்கத்தின் செத்தவீடு

"கேள்வியோட ஆளின்ர பேரையும் சொல்லுங்கோ. ஆர் எண்டு தெரிஞ்சால்தான் சனம் வரும்" என்றார் மிஸ். நல்ல யோசனை. ஆனால் ஒரு மனிதன் ஆர் என்று மைக்கில் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான், செத்தவீட்டு அறிவித்தல் வழி. புல்மோட்டையில் வண்டியை மெல்ல விட்டுக்கொண்டு தொடங்கினேன்: "குச்சவெளியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கந்தையா இராசலிங்கம் அவர்கள்... அன்னார் காலஞ்சென்ற கந்தையா தங்கமுத்து தம்பதிகளின் மூத்த புதல்வரும், பரமேஸ்வரியின் பாசமிகு கணவரும் ஆவார்..." கடல் ஏன் மின்னுகிறது என்று அவர் கேட்கிறார் என்பதைச் சொல்லும்போது அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். தலை ஒரு தெருவில், வால் இன்னொரு தெருவில்.

தலை விழுந்த தெருவில்தான் பரமேஸ்வரியின் தமையன் வீடு. போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். செத்தவனுடைய போனுக்கு ஆர் எடுப்பார்கள்? சீனி, தேயிலை, பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு, இரண்டு வான் நிறையச் சொந்தக்காரர் ஒப்பாரியோடு குச்சவெளியில் போய் இறங்கியிருக்கிறார்கள். இராசலிங்கம் முற்றத்தில் இருந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது. பின்னால் யாரோ இன்னும் விக்கிக்கொண்டிருந்தார்கள். "அண்ணை, என்ர செத்தவீட்டுக்கு எல்லாரும் வந்திட்டினம். நீங்கள் எத்தினை மணிக்கு வாறியள்?"

வலைக்குள் இருந்த சனம்

சனிக்கிழமை மூன்றரைக்கு மண்டபத்தில் முன்னூறு கதிரையும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. கொழும்பிலிருந்து வந்த பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூலையில் தொலைநோக்கி உறையோடு நின்றது, பயணத்துக்கு வெளிக்கிட்ட ஆள் மாதிரி. மிஸ் அதற்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் வெளியே ஓடிப்போய் என்னுடைய ஓட்டோவுக்குள் ஒளிந்துகொண்டேன். அப்போதுதான் அந்த இரண்டு வானும் வந்தன. இராசலிங்கத்தோடு, அழுத சனம் அத்தனையும் இறங்கியது. ஒரு மனிதன் சாகாமலே செத்தது எந்தக் கேள்விக்காக என்று அவர்களுக்கும் பார்க்க வேண்டுமாம். பின்னால் பரீதாவும் கிண்ணியாப் பெண்களும் பஸ்ஸில். கிளிவெட்டிப் பெரியவர் தம்பியையும் தம்பியின் பொஞ்சாதியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைசியில் கதிரை காணாமல் சனம் சுவரோடு நின்றது. அவர்கள் கொண்டுவந்த செத்தவீட்டுச் சீனியில்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினோம்.

மிஸ் ஒரு சொட்டுக் கடல் தண்ணீரை நுணுக்குக்காட்டியில் வைத்து இராசலிங்கத்தைக் கூப்பிட்டார். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் தண்ணீரில் இருக்கின்றன, அவற்றில் ஒரு சாதி இருட்டில் யாராவது கலக்கினால் மின்னும் என்றார். இராசலிங்கம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவர், நிமிரவே இல்லை. கொழும்புப் பெரியவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "தொலைநோக்கி இங்கேயே இருக்கட்டும்" என்று மிஸ்ஸிடம் சொன்னார். மிஸ் அழுதார், அதைப் பார்த்துச் செத்தவீட்டுக்கு வந்த சனமும் விட்ட இடத்தில் இருந்து அழுதது. அதன் பிறகுதான் இராசலிங்கம் தலையைத் தூக்கினார்: "இவ்வளவு சனம் என்ர வலைக்குள்ள இருந்திருக்கு. ஒரு நாளும் நான் ஒருத்தரையும் விசாரிக்கேல்லையே!"

வாசலில் ஒரு விசாரணை

இந்த வருடம் கதிரை கூடுதலாகப் போட வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். அது நல்ல செய்தி. ஆனால் போன கிழமை உண்மையான செத்தவீடு ஒன்றுக்கு அறிவித்தல் சொல்லிக்கொண்டு போனேன். ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை, ஒருவரும் சீனி வாங்க ஓடவில்லை. ஒரு அம்மா கேற்றில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "செத்தவரோ, கேள்வி கேட்டவரோ? வடிவா விசாரிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

எதையும் கேட்டு நிச்சயப்படுத்துகிற சனம் வேண்டும் என்று மிஸ் ஆசைப்பட்டார், அது அவருக்குக் கிடைத்துவிட்டது, நாற்பது வருடமாக நான் சொன்னதைச் சும்மா நம்பின சனம்தான் எனக்கு இல்லாமல் போய்விட்டது.