ராஜாமணியக்காவின் இரண்டாவது கிடார்

கிணத்துக்கடவில் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ராஜாமணியக்காவின் மருமகள் கவிதா. "ஏனுங்கம்மா, அத்தை தவறிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றாள். நான் அந்த ஈரத்துணியையே பிழிந்துகொண்டு நின்றேன். நான்கு மாதமாக நான் அக்காவைப் போய்ப் பார்க்கவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்து பம்ப் கம்பெனியில் எங்களோடு மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்த உங்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓய்வு பெற்றபின் அவர் கையில் எடுத்த கிடாரைப் பற்றித்தான் ஆளுக்கொன்று பேசினீர்கள். அதனால் அதைச் சொல்கிறேன்.

மருமகளின் போனில் ஒருநாள் சர்ஃப் கிடார் கேட்டிருக்கிறார். பலகையில் நின்று கடலலைமேல் சறுக்கும் அமெரிக்க இளைஞர்களுக்காகப் பிறந்த இசை. பெரும்பாலும் பாட்டு இருக்காது. எலெக்ட்ரிக் கிடார்தான் பேசும், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல. "பாட வராதவங்களுக்குன்னே செஞ்சு வச்சிருக்காங்க அம்மணி, நீயும் வா" என்று என்னையும் இழுத்தார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு, எனக்கு ஐம்பத்தொன்பது.

சத்தம் வராத பழைய கிடார் ஒன்று மலிவாகக் கிடைத்தது. கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருள் அறுந்திருந்தது. சுருள் சுற்ற அக்காவுக்குச் சொல்லியா தர வேண்டும்? மோட்டார்க் கம்பியையே எடுத்துச் சுற்றிவிட்டார். முனகல்கூட வரவில்லை. "பழக்கதோசம்" என்று சிரித்துவிட்டு, தலைமுடியைவிடச் சன்னமான கம்பி வாங்கி, ஒரு வாரம் மூச்சை அடக்கி மறுபடி சுற்றினார். கிடார் பேசியது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத் தரும் எதிரொலிக் கருவி நமக்குக் கட்டுப்படியாகாது என்பதால் பிஸ்கட் டின்னுக்குள் ஸ்பிரிங்குகளை இழுத்துக் கட்டினார். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி போனால் அந்த டின் தானாகவே இடிஇடிக்கும். "அலை வந்துருச்சு, காலைத் தூக்கிக்க கண்ணு" என்பார்.

எனக்கும் ஒரு பழைய கிடார் வாங்கினோம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வெட்கப்பட்டு அக்கா வீட்டிலேயே வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிப் போவேன். இரண்டு வருடத்தில் உருப்படியாக வந்தது ஒரே ஒரு மெட்டு. அவர் மேலே ஓடுவார், நான் கீழே தாளம் பிடித்துக் கொடுப்பேன். ஒன்றில்லாமல் மற்றது நிற்காது.

நம் பழைய ஆட்கள் மண்டபத்தில் கூடிய நாளில் அதை வாசிப்பதாக இருந்தோம். என் சம்பந்தியும் அங்கே வருகிறார் என்று முந்தின நாள்தான் தெரிந்தது. இந்த வயதில் கிடாரோடு மேடையில் என்னைப் பார்த்தால் என்ன நினைப்பார்? காலையில் அக்காவுக்குப் போன் போட்டேன். "கை வலிங்கக்கா. விரலே மடங்கறதில்லீங்க. என் பேரை மட்டும் அங்க சொல்லிப்போடாதீங்க."

"அடடா. கையைப் பாத்துக்க கண்ணு. அதுதான் முக்கியம்."

அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். எனக்கு வீடியோவில்தான் தெரியும். அக்கா மெட்டின் பாதியில் வழுக்கி நின்றுவிட்டு, மைக்கில் சொல்கிறார்: "இன்னொரு கிடார் வாசிக்கறது என்ர சிநேகிதிங்க. கை வலி, வர முடியல. அடுத்த தடவை முழுசா வாசிக்கறோமுங்க." யாரோ சிரிக்கிறார்கள். அவரும் கூடச் சிரிக்கிறார்.

அந்தச் சிநேகிதி நான்தான். எனக்குக் கை வலிக்கவில்லை. இதைச் சொல்ல நான்கு மாதம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கூப்பிட்டு "இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்பார். "இன்னும் வலிதானுங்க" என்பேன். முகத்தைப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்றே போகாமல் இருந்தேன். இனி யாரிடம் போய் ஒப்புக்கொள்வது?

காரியம் முடிந்து கிளம்பும்போது கவிதா என் கிடாரை எடுத்து வந்தாள். "அத்தை ஒரு மாசமா அரத்தை வச்சு இதையே ராவிட்டு இருந்தாங்கம்மா. கம்பி உக்கார்ற கட்டையைத் தாழ்த்தி, எல்லாம் சன்னக் கம்பியா மாத்திட்டாங்க. இனி உங்களுக்குக் கை வலிக்காதாமா."

அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். பஸ்ஸில் எல்லோரும் பார்க்கத்தான் கொண்டுவந்தேன். நேற்று எடுத்துக் கம்பியை அழுத்திப் பார்த்தேன்.

வலிக்கவில்லை அக்கா. அன்றைக்கும் வலிக்கவில்லை.