இரண்டு மச்சான், இரண்டு மெஷின்

மணமக்கள் மண்டப வாசலில் நிற்கிறார்கள். புகை மெஷின் தன் புகையை விட்டாகிவிட்டது. மேடையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு கல்யாணத்தில் சத்தம் வராவிட்டால் ஜனங்கள் வாசிக்கிறவனைப் பார்ப்பதில்லை, மிக்ஸர் பக்கம் நிற்பவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஆள் நான்.

தொலைவிலுள்ள மெர்சிங் ஊர் வரைக்கும் போய் கல்யாணங்களுக்கு சவுண்ட் போட்டு ஓய்ந்தவன் நான். லூப் ரெக்கார்டரை டிரம் மெஷினோடு எப்படி சிங்க் செய்வது என்று இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பாசிர் கூடாங்கில் நடந்த இந்தக் கல்யாணத்தைத்தான் அவர்களுக்குச் சொல்வேன்.

1. அவர்கிட்ட சொல்லுங்க

மணப்பெண் கோகிலா, ஒரு தொழிற்சாலை லேபில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு யூனிபார்மோடு என் கடைக்கு வந்தாள்.

"அங்கிள், எனக்கு லைட்டு, டான்ஸ் எதுவும் வேணாம். நான் உள்ள வரும்போது அப்பாவும் மாமாவும் சேர்ந்து வாசிக்கணும். இல்லன்னா திரும்பிப் போயி கார்லயே உக்காந்துடுவேன்."

அப்பா சந்திரன் கிட்டார். தாய்மாமன் மகேஸ் கீபோர்டு. ஒரு காலத்தில் ஒன்றாக வாசித்தவர்கள். சிகாமட்டில் ஒரு கோயில் திருவிழாவில் ஒரு பாட்டை இருவரும் வெவ்வேறு நேரத்தில் முடித்துவிட்டார்கள். "அவன்தான் தாளத்த விட்டு வேகமா ஓடிட்டான்" என்றார் ஒருவர். "அவர்தான் மெதுவா இழுத்துட்டாரு" என்றார் மற்றவர். அன்றிலிருந்து வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. தான் ஓடவில்லை என்று நிரூபிக்க மகேஸ் ஒரு டிரம் மெஷின் வாங்கினார். தான் இழுக்கவில்லை என்று நிரூபிக்க சந்திரன் லூப் ரெக்கார்டர் வாங்கினார். வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும் பெட்டி அது. இதற்காக ஒரு மனிதன் பெட்டி வாங்குவானா என்று கேட்காதீர்கள். இரண்டு பேர் வாங்கினார்கள்.

சிங்க் செய்வது பெரிய வித்தை இல்லை. ஒரு மெஷின் தாளக் கணக்கை, அதாவது கிளாக்கை, அனுப்ப வேண்டும், மற்றது அதைக் கேட்டு நடக்க வேண்டும். அனுப்புவதை இன்டர்னலில் வைக்க வேண்டும், கேட்பதை எக்ஸ்டர்னலில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். கல்யாணத்தன்று மேடையில் இருவரிடமும் யார் அனுப்புவது என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"சவுண்டு, அவர்கிட்ட சொல்லுங்க, என் லூப்பர்தான் முன்னால போகும். நான் பொண்ணப் பெத்தவன்" என்றார் சந்திரன்.

"தாய்மாமன் பின்னால நடந்து வர்ற கல்யாணத்த அவரு எங்க பாத்தாருன்னு கேளுங்க" என்றார் மகேஸ்.

கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில்தான் இருவரும் நின்றார்கள். நான் நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை அப்படியே மற்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் மனமும் நோகக் கூடாதென்று கிளாக் போகும் மிடி கேபிள் இரண்டு மாட்டினேன், அங்கிருந்து இங்கே ஒன்று, இங்கிருந்து அங்கே ஒன்று. கடைசியில் யார் ஜெயித்தாலும் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

2. மரியாதை

நான் மீ கோரிங் சாப்பிடப் போன நேரத்தில் புஷ்பா வந்திருக்கிறார். சந்திரனின் மனைவி, மகேஸின் அக்கா. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "எம் பொண்ணு கார்லயே உக்காந்துட்டான்னா ரெண்டு பேருக்கும் இனி என் வீட்டுல சோறு கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இருவருக்கும் தனித்தனியாக மனம் இளகிவிட்டது. பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுப்போம் என்று சந்திரன் யாரும் பார்க்காதபோது லூப்பரை எக்ஸ்டர்னலில் வைத்தார். அதே பெரிய மனசு மகேஸுக்கும் வந்தது. அவரும் டிரம் மெஷினை எக்ஸ்டர்னலில் வைத்தார். விட்டுக்கொடுத்ததை வாய்விட்டுச் சொன்னால் தோற்றது போல ஆகிவிடும் என்று இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

அதனால்தான் அந்த நிசப்தம். ஒவ்வொரு மெஷினும் மற்றது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தது.

"நீங்க ஆரம்பிங்க மச்சான்" என்றார் சந்திரன். அத்தனை வருடத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வார்த்தை. மைக் திறந்திருந்ததால் மண்டபமே கேட்டது.

"இல்ல மச்சான், நான் உங்களுக்குத்தான் வழி விட்டிருக்கேன்."

"நான் உங்களுக்குல்ல விட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள், ஒரே நேரத்தில் இன்டர்னலுக்கு மாற்றினார்கள், ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். இப்போது லூப்பர் நடந்தது, டிரம் மெஷின் ஓடியது. மாப்பிள்ளை பாவம், வலது காலை ஒன்றுக்கும் இடது காலை மற்றதுக்கும் வைத்துப் பார்த்தார். "அலமாக்" என்று தலையில் கை வைத்தார் அறிவிப்பாளர், அதுவும் மைக்கில். கோகிலா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. காரின் கதவு அவளுக்குப் பின்னால் இன்னும் திறந்தே இருந்தது.

3. கேபிள்

மேடைக்கு ஓடினேன். இரண்டையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டு கேபிளையும் பிடுங்கிப் பேன்ட் பையில் திணித்தேன். அவர்கள் தங்கள் மெஷின் பக்கமே குனிந்திருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"டெம்போவ ரெண்டு பேரும் ஒரே நம்பர்ல வைங்க. மகேஸ் தலையாட்டுனதும் சேர்ந்து அழுத்துங்க. அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் அவரு தலையாட்டும்போது, சந்திரன், நீங்க லூப்பர மறுபடி மிதிங்க."

கேபிள் இல்லாவிட்டால் ஒரே டெம்போவில் வைத்தாலும் மெஷின்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதனால் சந்திரன் ஒவ்வொரு சுற்றுக்கும் மச்சான் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தார். மகேஸ் தலையாட்டினார். இரண்டாவது சுற்றில் முறைத்துக்கொண்டே ஆட்டினார். அதற்கடுத்த சுற்றுகளில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோகிலா நடந்து வந்தாள், வழியெல்லாம் அழுதுகொண்டே. மணமக்கள் மேடையேறி உட்கார்ந்த பிறகும் இவர்கள் நிறுத்தவில்லை.

சாப்பாட்டு மேசையில் சந்திரன் என் தோளைத் தட்டினார். "நல்ல கேபிளு சவுண்டு. கொஞ்சங்கூட நழுவல."

"எப்படி நழுவும்? என் டிரம் மெஷின்தானே லீட் பண்ணுச்சு மச்சான்" என்றார் மகேஸ்.

"என் லூப்பர்தான்லா பண்ணுச்சு."

உண்மையைச் சொல்லலாமென்று பைக்குள் கையை விட்டேன். எதிரே இருந்த கோகிலா என் பையிலிருந்து எட்டிப் பார்த்த கேபிள் நுனியையும் என் முகத்தையும் பார்த்தாள். மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கையை வெளியே எடுத்துச் சோற்றைப் பிசைந்தேன்.

ஆகவே பிள்ளைகளே, கேபிள் மாட்டுவதற்கு முன்னால் வாசிக்கிற இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். மெனுவையெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போன தீபாவளிக்குச் சந்திரன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே சோபாவில் உட்கார்ந்து மச்சான்கள் இருவரும் அதே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "நீங்களே சொல்லுங்க சவுண்டு, அன்னிக்கு யாரு லீட்?" என்று ஒன்றாகக் கேட்டார்கள். நான் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.