தகரச் சத்தமும் மச்சினனின் திட்டமும்

கொடைக்கானலுக்கு ஓய்வெடுக்கப் போனேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் போனவன் என் மச்சினன் சுந்தரம்; அவனைக் கவனித்துக்கொள்ள மனைவி என்னை அனுப்பினாள். (கவனிக்கப்பட வேண்டியவர் யார் என்பதில் எங்கள் தெருவில் வேறு கருத்து உண்டு.) அறுபதுகளின் கடைசி, மே மாதம். வடக்கே கட்டிக்கொண்டிருந்த ஓர் அணுமின் நிலையத்தில் அவன் இன்ஜினீயர். விபத்து என்றால் சுற்றுப்பட்டு ஜனங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு திட்டம் எழுதியிருந்தான். மேலதிகாரி, "எங்கோ ஓட்டை இருக்கு, அடைச்சுக் கொண்டு வா" என்று திருப்பிவிட்டார். பத்து நாள் லீவு. ஓட்டை மட்டும் அகப்படவில்லை.

ஏரிக்கரையில் ஐந்து நிமிஷம் உட்காரமாட்டான். ஓட்டலில் தீயணைக்கும் மணல் வாளியைக் கிளறினான். சிகரெட் துண்டுகளாக வந்தன. மானேஜர் என்னை முறைத்தார். பாதி என்னுடையவைதான்.

மூன்றாம் நாள், வயல்வெளியில் நடந்தாவது களைத்து அடங்கட்டும் என்று கவுஞ்சி என்ற மலைக்கிராமத்துக்குக் கிளப்பினேன். காலை ஆறு மணிக்குக் காய்கறி ஏற்றப் போகும் லாரி. ஆளுக்கு ஒரு ரூபாய். சுமார் இருபத்தைந்து மைல், நாலு மணி நேரம். "குடல் எடம் மாறும் சார், பயப்படாதீங்க, வெரசாத் திரும்பிரும்" என்றார் டிரைவர். மாறியது. திரும்பியதா என்று இன்றுவரை சந்தேகம்.

படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களுக்கு நடுவே நின்றிருந்தோம். திடீரென்று கீழே யாரோ தகரத்தைத் தட்டினார்கள். அவ்வளவுதான், மண்வெட்டியும் கம்புமாக ஊரே சத்தம் வந்த திசைக்கு ஓடியது. நான் எதிர்த்திசையில் ஓடினேன். உருளைக்கிழங்கைக் கிளற வந்த காட்டுப்பன்றியாம்.

விரட்டிவிட்டு ஏறி வந்த நாகம்மா, அந்த வயல்காரி, என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்கய்யா, பன்னி அங்கிட்டு ஓடுது, நீங்க இங்கிட்டு ஓடுறீங்க?"

சுந்தரம் சிரிக்கவில்லை. "சத்தம் கேட்டா ஏங்க அதை நோக்கியே ஓடுறீங்க?"

"பெறகு? கூப்புடுறவுகள விட்டுப்போட்டு ஓடவா?"

"ஆபத்து, கிட்ட வராதீங்கன்னு மில்லுல ஊதுற மாதிரி ஒரு சங்கு ஊதினா?"

"சங்குக்கு என்ன தெரியும் தம்பி? யாருக்கோ என்னமோன்னு ஓடியாருவோம். வர வேணாம்னா முன்னாடியே வீட்டுக்கு வந்து, மொகம் பாத்துச் சொல்லியிருக்கணும்."

அவன் முகம் வெளுத்தது. 'சங்கு ஊதியதும் ஜனங்கள் விலகிச் செல்வார்கள்.' திட்டத்தின் முதல் வரி அதுதான். நிலையத்தைச் சுற்றியும் வயலும் பன்றியும் உண்டு; அந்த ஜனங்களும் சங்கை நோக்கித்தான் ஓடி வருவார்கள். அந்தத் திட்டப்படி ஒழுங்காக நடந்த ஒரே ஆள் நான்.

கவுஞ்சிக்குப் போகிறவர்களுக்கு: டிரைவர் பக்கத்து இடத்தைப் பிடியுங்கள், மேலே மூட்டையோடு உட்காராதீர்கள். திரும்பும் லாரி இரண்டு மணிக்கு, காத்திருக்காது. மேயிலும் ஸ்வெட்டர் வேண்டும். வெறும் வயிற்றோடு ஏறுவது உத்தமம்.

மறுநாளே சுந்தரம் லீவை முறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். நிலையம் ஓடத் தொடங்குமுன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட வேண்டுமாம்.

"எத்தனை வீடுடா இருக்கும்?" என்று ஜன்னலருகே நின்று கேட்டேன்.

"தெரியலை அத்தான்" என்றான். "திட்டத்துல சுத்தி எத்தனை மைல்னுதான் எழுதியிருக்கேன்."