மாப்பிள்ளை அனுப்பிய ஊர்ப் புத்தகம்

புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பம் சந்திப்பில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். கீழே கடலூர் ரோட்டில் பஸ்கள் அடிக்கிற ஹாரனில் பாதிப் பாடம் யார் காதிலும் விழாது. விழாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்? மொழி மேல் ஆசைப்பட்டு என்னிடம் யாரும் வருவதில்லை. நேஷனாலிட்டி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்ட பெண்கள் வருவார்கள். கட்டிக்கொள்ளப்போகிறவர்கள் வருவார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே மகளைக் கொண்டுவந்து சேர்க்கிற அப்பன்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை மட்டும்தான். இந்தியாவுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்பது இங்கே யாருக்கும் உறைப்பதே இல்லை.

அந்த மாப்பிள்ளைகள் வருகிற அழகைச் சொல்ல வேண்டும். ஜூலை முடியும்போது வக்கான்ஸ் என்று ஒரு மாத லீவில் வந்து இறங்குவார்கள். அதற்குள் பெண் பார்த்து, பூ வைத்து, தாலி கட்டி, பதிவு செய்து, விருந்து சாப்பிட்டு, விமானம் ஏறியாக வேண்டும். லீவோ ஆடி மாதத்தில் வந்து விழுகிறது. ஆடியில் எங்கள் ஜனம் ஒரு மாடு கன்றுகூடப் பிடிக்காது. ஆனால் நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் ஜோசியக்காரனே ஆடியில் ஒரு நல்ல நாளைத் தோண்டி எடுத்துக் கொடுத்துவிடுவான். அம்மன் கோபித்துக்கொண்டால் பிரான்சுக்கா போய்க் கேட்கப்போகிறாள்?

செலியமேட்டுப் பெண் ஒருத்தி அப்படி ஆடியில் கல்யாணமானவள். அப்பா நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். அம்மா பால்வாடியில் சமைக்கிறார். பெண் பி.காம். மாப்பிள்ளை வீடு வில்லியனூர், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. தாலி கட்டியவன் பதினெட்டு நாள் அவளோடு இருந்துவிட்டுக் கிளம்பினான். பிரான்சின் மேற்கே, கடலோரக் கிராமப்புறத்தில் ஒரு மீன் டின் கம்பெனியில் வேலை. மாமியார் வாயில் அது 'மேனேஜர் மாதிரி' என்று வரும். அந்த 'மாதிரி'யை மட்டும் மெதுவாகச் சொல்லுவார்.

"பாஷ கத்துக்கினு சர்டிபிகேட் வாங்குனாதான் கூட்டினு போவன்னு சொல்லிட்டாரு மிஸ்" என்று முதல் நாள் வந்து நின்றாள். "ஆறு மாசத்துல முடிச்சிடலாமா?"

"அது உன் மண்டையப் பொறுத்தது" என்றேன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: போய் அவனோடு குடித்தனம் செய்ய வேண்டும். அதற்கு மேல் எதையும் அவள் கேட்டதில்லை. பதினெட்டு நாள் தாம்பத்தியத்தை மூன்று வருஷத்துக்கு வைத்து ஓட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் ஒரு புத்தகத்தோடு வந்தாள். வழவழ காகிதம், பக்கத்துக்கு நாலு படம். அந்தப் பகுதியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கிற புத்தகம். மாப்பிள்ளை யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தான். அங்கே சிநேகிதர்கள் பேச்சுக் கொடுப்பார்களாம். அவன் ஊரைப் பற்றி இவளுக்கு நன்றாகப் பேசத் தெரிய வேண்டுமாம். நிலம், பாரம்பரியம், கடற்கரை என்று மூன்று பாகம். ஆப்பிள் தோப்பு, பச்சை மேட்டில் கொழுத்த மாடு, கருங்கல் தேவாலயம், கலங்கரை விளக்கம், பாறை மேல் மோதுகிற அலை. படம் முழுக்கத் தேடினேன், மீன் டின் கம்பெனியைக் காணோம். எந்தப் படத்திலும் வேலை செய்கிற மனுஷன் ஒருத்தன் இல்லை. எல்லோரும் குல்லாய் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள், மறுபடியும் நடக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் சோறு யார் வடிக்கிறார்களோ!

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் படிப்பு என்றால் ஒப்பிப்பதுதான். இந்தப் பெண் அந்தப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்துவிட்டாள். அச்சடித்த இடமும் அவளுக்குத் தெரியும். முதல் பரீட்சையில், பேச்சுத் தேர்வில், எதிரே உட்கார்ந்திருந்தவர் சாதாரணமாக "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். இவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்திருக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. கடல் நாளைக்கு இரண்டு தடவை வெகுதூரம் உள்வாங்கும். நாங்கள் ஆப்பிளில் காய்ச்சிய மது அருந்துவோம். எங்கள் தேவாலயம் கருங்கல்லால் ஆனது.

"செலியமேட்டிலா?" என்று அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"ஆமாம் ஐயா" என்று இவள் பிரெஞ்சில் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பெயிலாக்காமல் பின்னே பொன்னாடை போர்த்துவார்களா?

நான் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்றாம் நாள் அவள் வீங்கின கண்ணோடு வந்து உட்கார்ந்தபோது எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "எந்திரிடி" என்றேன். "வண்டில ஏறு. உன் ஊரை நான் காட்டறன்."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. முதலில் பாகூர் ஏரிக்கரை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "இது இன்னா?" என்றேன்.

"ஏரி மிஸ்."

"பிரெஞ்சுல சொல்லு."

அவள் கைப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். பிடுங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். முழித்தாள். ஐந்து நிமிஷம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, தட்டுத் தடுமாறி, வினைச்சொல்லையெல்லாம் உடைத்துப் போட்டு, ஒவ்வொன்றாக வந்தது. இந்த ஏரிக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக வருகிறது. மழைக்காலத்தில் நிறைகிறது. அந்த மதகைத் திறந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் பாய்கிறது. என் அப்பாவுக்கு நிலம் இல்லை. ஆனால் எந்த வயலுக்கு எந்த நாளில் மெஷின் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். அறுவடை நாளில் அவர் காதிலிருந்து அம்மா தூசி எடுப்பாள்.

அந்தப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. அதை அவளிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும். "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தது பாகூர் சிவன் கோயில். சுவரின் அடிப்பக்கம் சுற்றிலும் ஒரு சாண் உயரத்தில் ஆடுகிற பெண் சிலைகள் உண்டு. பத்து நூற்றாண்டாக ஆடுகிறார்கள். நம் ஆட்கள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு இலையை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கருங்கல் பார்க்கப் பிரான்சுக்குப் போக வேண்டுமாம்! ஒரு சிலையின் வளைந்த இடுப்பைக் காட்டி, "பால்வாடியில அண்டா தூக்கி எங்க அம்மாவுக்கும் இப்டித்தான் மிஸ் இடுப்பு நிக்கும்" என்றாள். "அதையே பிரெஞ்சுல சொல்லு" என்றேன். சொன்னாள். அர்ச்சகர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கடைசியில் மூர்த்திக்குப்பம் கடற்கரை. போகிற வழியில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு, தமிழ்நாடு முடிந்து மறுபடி புதுச்சேரி. வெள்ளைக்காரன் கிழித்த கோட்டில் நாம் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கடலை ஒட்டி ஒரு ரிசார்ட். வேலியும் போட்டு, வாசலில் ஒரு காவலாளியையும் நிறுத்தியிருந்தார்கள். "எங்க போறீங்க?" என்று கேட்டான். "கடலுக்கு" என்றேன். என்னவோ அவன் மாமனார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கேட்டது போல யோசித்தான். "உன் வேலிக்கு வெளிய இருக்கிறது யாரு கடலுப்பா?" என்று ஒரு போடு போட்டதும் ஒதுங்கினான்.

மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் நாங்கள் பேசுவதைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "இன்னா பாஷம்மா இது? மலையாளமா?" என்றார்.

"பிரெஞ்சு, ஆயா. இதோட ஊட்டுக்காரரு பிரான்சுல இருக்காரு."

"அப்டியா? எப்ப போற கண்ணு?"

"சீக்கிரமே" என்றாள் அவள். பிறகு என்னிடம் திரும்பி, "போனதும் மொதல்ல அவரு ஊரு கடல்ல போயி நிப்பன் மிஸ். அவருகூட" என்றாள். எனக்கு வாய் வரை ஒரு நக்கல் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிக்கொண்டேன்.

அடுத்த பரீட்சையில் தேறினாள். மாமியார் வில்லியனூரிலிருந்து போன் செய்து, மகன் ரொம்பச் சந்தோஷப்பட்டதாகவும், அங்கே இப்போது அடுத்த சர்டிபிகேட்டும் கேட்பதாகவும் சொன்னார். அதையும் எட்டு மாதத்தில் வாங்கினாள். அதற்கும் மேலே இன்னொன்று உண்டு என்று மகன் கண்டுபிடித்துச் சொன்னான். அந்த வருஷம் அவனுக்கு வக்கான்ஸ் இல்லையாம். அதற்கு முந்தின வருஷமும் இல்லை. மீனுக்கு லீவு இல்லாமல் இருக்கலாம். டின் அடைக்கிறவனுக்கு இரண்டு வருஷமாக லீவு கொடுக்காத கம்பெனி பிரான்சில் எங்கே இருக்கிறது?

எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. இந்த ஏணியில் அவன் மேலே நின்றுகொண்டு ஒவ்வொரு படியாகச் சேர்த்துக்கொண்டே இருக்கிறான். அவள் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இங்கே ஊரைப் பார்த்து, ஜோசியக்காரனைப் பார்த்து, ரிசார்ட்டைப் பார்த்து வாய் கிழியப் பேசுகிற நான், அவளிடம் அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அறையில் உட்கார்ந்திருந்த பாதிப் பெண்களுக்கு அதே கதைதான். ஒருத்திக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொன்ன மாதிரி. அதெல்லாம் சாக்கு. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மூன்றாவது சர்டிபிகேட்டுக்குப் படித்தாள், பேய் மாதிரிப் படித்தாள், வாங்கியும்விட்டாள்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அவளும் அவள் அம்மாவும் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்கள். அம்மா கையில் மைசூர்பாகு டப்பா. அவள் கையில் பிரான்சு ஸ்டாம்பு ஒட்டிய ஒரு தடித்த கவர், இன்னும் பிரிக்கவில்லை.

"விசா பேப்பர் வந்துடுச்சு மிஸ்!" என்றார் அம்மா. "வூட்டுல பிரிக்க வேணாம், மிஸ் எதிர்க்கதான் பிரிக்கணும்னு புடிவாதமா தூக்கினு வந்துச்சு." சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். என் கையிலும் ஒன்று வைத்தார்.

கவரின் மூலையில் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்தேன். வக்கீல் அலுவலகம். "குடு, நான் பார்த்துட்டுச் சொல்றன்" என்று கை நீட்டினேன்.

"இல்ல மிஸ், நானே படிக்கிறன்" என்றாள். மூன்று வருஷம் படித்தவள். நான் எப்படி மாட்டேன் என்பது?

பிரித்தாள். நின்றபடியே சத்தமாகப் படித்தாள். முதல் வரியில் 'மதாம்' என்று அவளை மரியாதையாக அழைத்திருந்தார்கள். பெண்கள் கை தட்டினார்கள். இரண்டாவது வரி கொஞ்சம் நீளம். அதையும் மூச்சு விடாமல் முடித்தாள். மூன்றாவது வரியில் வந்த ஒரு சொல் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இங்கிலீஷிலும் கிட்டத்தட்ட அதேதான். கை தட்டல் நின்றது. அவள் நிறுத்தவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் தணிந்தது. கீழே பஸ் ஹாரன் அடித்தபோது மட்டும் காத்திருந்து, பிறகு தொடர்ந்து, வக்கீலின் கையெழுத்து வரைக்கும் படித்தாள்.

"இன்னாம்மா போட்டுக்கிறாங்க?" என்றார் அம்மா. "எப்ப வரச் சொல்றாங்க?"

அவள் காகிதத்தை மடித்தாள். "வரச் சொல்லலம்மா. அவருக்கு நான் வேணாமாம். தீத்து விடச் சொல்றாரு."

அம்மா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இன்னும் பாதி மிச்சமிருந்தது. டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு, மகள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"அதுக்கு இன்னா மிஸ் தெரியும், இப்பதான் கத்துக்கினு வருது. தப்பா படிச்சிருக்கும். நீங்க ஒரு வாட்டி படிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் படித்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவையும் படித்தேன்.

"இல்லம்மா" என்றேன். "சரியாத்தான் படிச்சிருக்கா."