நான்கு தோள்

கோனல் ஓ'கிளகன் பத்திரிகையில் முதலில் பார்ப்பது மரண அறிவிப்புகளைத்தான். காலையில் தபால் நிலையத்து மேடையில் சாய்ந்தபடி, பென்சிலை ஒவ்வொரு பெயராக இறக்குவார். தன் குடும்பப் பெயரில் எவனாவது செத்திருந்தால், அவனுக்குப் பிள்ளைகள் இருப்பார்களே என்ற நப்பாசை. "ஒருத்தனும் சாகல. சாகறதுக்கு ஆள் இருந்தாத்தானே?" என்று பத்திரிகையை வீசுவார். எழுபத்திரண்டு வயது. வேலி அடைப்பவர்.

அயர்லாந்தின் டோனிகாலில் எங்கள் பக்கம், சவப்பெட்டியை முதலில் தூக்க அதே குடும்பப் பெயருள்ள நான்கு ஆண்கள் வேண்டும். நான் கல்லகர், கவலையில்லை. "சந்தைல கல்ல விட்டா நாலு கல்லகர் மண்ட உடையும். உனக்கென்னடா!" என்பார் கோனல்.

இவருடைய முன்னோர் ஒரு புனிதரின் மணியைக் காத்தவர்கள். ஐரிஷ் மொழியில் 'கிளக்' என்றால் மணி; பெயர் அதில் வந்தது. அந்த மணியைத் தொட்டுப் பொய் சொன்னால் வாய் கோணிப்போகுமாம். பஞ்சத்தில் பாதிப் பேர் செத்தார்கள். மீதியில் பெரும்பாலோர் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் ஒரு கிளை, துரையிடம் வேலைக்காகப் பெயரை இங்கிலீஷாக்கி 'பெல்' ஆனது. மலைக்கு அந்தப் பக்கம் மூன்று பெல் சகோதரர்கள் இருக்கிறார்கள். இவருக்குள்ள அதே கோணல் மூக்கு.

"பேர வித்துத் தின்ன கூட்டம்," என்பார்.

போன மார்ச்சில் இவருடைய அக்கா நாப்லா செத்தாள். கல்யாணம் ஆகாதவள். தேவாலய வாசலில் மூன்று பெல்களும் வந்து நின்றார்கள். மூத்தவன் யூஜின் தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணே, உங்களோட சேத்தா நாலு பேரு. தோள் குடுக்கறோம்."

"எனக்கு ஒண்ணு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்."

"அக்கா எங்க வீட்டுல டீ குடிச்சிருக்காங்கண்ணே."

"டீதானே குடிச்சா? பேர மாத்திக்கலயே!"

எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நாளைக்கு உன்னை எவன்யா தூக்குவான்?"

"அத நானா பாக்கப் போறேன்?"

பெட்டியைச் சக்கர வண்டியில் ஏற்றச் சொன்னார். தனியாகவே தள்ளினார். கல்லறை மேட்டின் சரளையில் சக்கரம் புதைந்தது. பெல்கள் மூவரும் ஓரடி முன்னே வைத்தார்கள். இவர் திரும்பவில்லை. நல்ல கால்சட்டையோடு மண்டியிட்டு, சக்கரத்தின் அடியிலிருந்த கற்களை விரல்களால் ஒவ்வொன்றாகப் பறிக்க ஆரம்பித்தார்.