அழித்துவிட்ட ஊர்ப்பெயர்

"இங்கே டைபாய்டு கிருமி குளோராம்பெனிகாலுக்குச் சாவதில்லை. என் தட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அங்கே எப்படி?" 1990 ஆகஸ்டில் மதுரையிலிருந்து வந்த வான்கடிதத்தில் நலம் விசாரிப்புக்கு முன்பே இந்த வரிகள் இருந்தன. எழுதியவர் வசந்தா, என்னோடு ஆய்வுக்கூடப் பயிற்சி முடித்தவர். நான் மலாய் நாட்டின் கிள்ளானில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து அப்போது பதினோரு மாதம்.

எங்களுக்கு இரத்தக் குப்பியோடு வரும் சீட்டில் நோயாளியின் இனத்தைக் கேட்கும் கட்டம் உண்டு. கிருமிக்கு இனம் எதற்கு என்று முதல் வாரம் விழித்தேன். கிள்ளானில் பிறந்து இந்தியாவைப் பார்த்தே இராதவரும் இந்தியர், போன ஆண்டு மெட்ராஸில் விமானம் ஏறிய நானும் இந்தியர். எங்கே போய் வந்தார் என்று கேட்கும் கட்டம்தான் இல்லை. அதை நானாகக் கேட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பேன். மதுரையில் பழகிய பழக்கம் அது. அங்கே சனிக்கிழமை மாலைகளில் நான்கைந்து ஆய்வுக்கூடங்களின் ஆட்கள் ஒரே கடையில் டீ குடிப்போம். யாருடைய தட்டில் எந்த மருந்து தோற்றது என்பதுதான் பேச்சு. கிள்ளானில் பதிவேடுகள் அந்தந்த அலமாரியிலேயே இருந்தன. யாரும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கடிதம் வந்த மறுவாரம், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானிலிருந்து சரோஜா என்ற பெண்ணின் இரத்தம் வந்தது. ஒன்பது நாள் காய்ச்சல். கணவர் முனியாண்டி துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். அவள் பழனிக்குப் போய்த் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது என்றார். குறித்துக்கொண்டேன். கிருமி பரப்பிய தட்டில் மருந்து நனைத்த காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். செவ்வாய்க்கிழமை பார்த்தபோது, சரோஜாவின் தட்டில் குளோராம்பெனிகால் வில்லையின் விளிம்புவரை கிருமி மண்டியிருந்தது. சரோஜா விழுங்கிக்கொண்டிருந்ததும் அதே மருந்துதான். டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மருந்தை மாற்றினார், பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் மற்ற கிளினிக்குகளில் எத்தனை பேர் அதையே விழுங்கிக்கொண்டிருப்பார்கள்? தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்த மிஸ் வோங்கிடம் சொல்ல முதலாளியிடம் அனுமதி கேட்டேன். "பேரு போடாம சொல்லு" என்றார். நான் தொலைபேசியை எடுக்குமுன் முடிவை வாங்க வந்த முனியாண்டி மேசையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, என்ன இது, பழனின்னு போட்டிருக்கு?"

"அங்கேதானே போனாங்க?"

"போனா லா. ஃபேக்டரியில, ஈப்போவில இருக்கிற மாமா செத்துட்டாருன்னு சொல்லித்தானே லீவு எடுத்தா. அந்த மாமா போன வாரம் அதே ஃபேக்டரிக்குப் போன் அடிச்சு இவள விசாரிச்சிருக்காரு! சூப்பர்வைசர் ஏற்கெனவே ஒரு மாதிரி பார்க்கிறான். ஊர்ப் பேரு வெளிய போயி இதுவும் தெரிஞ்சா அவ வேலை போச்சு. அழிச்சிடுங்கண்ணே."

நான் வேலை பர்மிட்டில் இந்த நாட்டில் இருப்பவன். வேலை போவது என்றால் என்ன என்று தெரியும். அழித்தேன்.

தொலைபேசியில் மிஸ் வோங் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வியே "வெளிநாடு போனவரா?" என்பதுதான். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றேன். அவருடைய பதிவேட்டிலும் அப்படி ஒரு நோயாளி இருந்தார், நாட்டை விட்டே போகாதவர். மிஸ் வோங் உடனே டாக்டர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் தெரிவித்தார். அந்த வாரமே சில கிளினிக்குகளில் மருந்து மாறியது. ஆனால் என் நோயாளியும் உள்ளூரிலேயே இருந்தவர் என்றதால் அதிகாரிகள் அவளுடைய டாக்டரிடம் விசாரித்துப் பண்டமாரானில் மூலத்தைத் தேடினார்கள். சரோஜா காலையில் சாப்பிடும் நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடையை நடத்திய, எல்லாரும் மக்சிக் (அத்தை) என்று அழைக்கும் மலாய்ப் பெண்மணியிடம், பரிசோதனை முடிவு வரும்வரை கடையைத் திறக்க வேண்டாம் என்றார்கள்.

முனியாண்டி சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மிஸ் வோங்கை அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"நவ் ஒன்லி யூ டெல் மீ?" என்றார். பிறகு கோபமில்லாமல் கேட்டார்: "பெயரை நான் கேட்கவே இல்லையே. போய் வந்த ஊரைத்தானே கேட்டேன்?"

எங்கள் ஆட்களுக்கு ஊரைச் சொல்வதே ஆளைச் சொல்வதுதான். மறைக்க வேண்டியது ஒன்று, சொல்ல வேண்டியது மற்றொன்று என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. அவர் தம் தாளில் 'இந்தியா' என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். சரோஜாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மக்சிக்கின் பரிசோதனையில் கிருமி இல்லை. கடை திறந்த சனிக்கிழமை போய் நின்றேன். "மின்தா மாஃப்" என்றேன். மன்னிப்பு என்று எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். நேரம் கழித்து வந்ததற்கு வருந்துகிறேன் என்று எண்ணிக்கொண்ட அவர், பரவாயில்லை என்று சிரித்து, பானையில் மிஞ்சியதை வழித்து, மிளகாய்ச் சம்பல் கூடுதலாக வைத்துக் கட்டிக்கொடுத்தார். விளக்கிச் சொல்லும் மலாய் இப்போது எனக்கு வரும். கடைதான் அங்கே இல்லை.

ஆறு ஆண்டு கழித்து இதை எழுதுகிறேன். ஒரு கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துவிட்டார்களாம். அப்படிப் படித்தவற்றை எல்லா நாட்டினரும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்தக் கிருமி எதற்கு உறவு என்று ஒருநாள் சொல்லிவிடலாம். சரோஜாவின் கிருமியை நான் சேமித்த குழாயோ குளிர்பெட்டி பழுதான வாரத்தில் வீணாகிவிட்டது. ஆகவே அது பழனியிலிருந்து அவளோடு வந்ததா, பண்டமாரானில் அவளுக்கு முன்பே இருந்ததா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. என் குறிப்பேட்டில் இரண்டு ஊர்களையும் மையால் எழுதி, இரண்டுக்கும் நேரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.